தமிழில் ப்ராம்ட் எழுதினால் ஏன் மொழிபெயர்ப்பு வாடை அடிக்கிறது?

2025 ஜூன் 3, இழையைத் தொடங்கிய வாசகரின் கேள்வி

நான் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பிள்ளைகளுக்காக ஒளிச்சேர்க்கை பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி ஏ.ஐ. கருவியிடம் கேட்டேன். "நீ இருபது ஆண்டு அனுபவமுள்ள கல்வி நிபுணர்" என்று தொடங்கும் ஆயத்த ப்ராம்டைத்தான் (கருவிக்கு நாம் எழுதிக் கொடுக்கும் வேண்டுகோளைத்தான்) பயன்படுத்தினேன். அப்படிப்பட்ட ஐம்பது ப்ராம்ட்டுகள் அடங்கிய தொகுப்பை விலை கொடுத்து வாங்கியிருக்கிறேன். வந்த பக்கம் பாடநூலைவிடக் கடினமாக இருந்தது. இந்தக் கருவிகளுக்குத் தமிழ் வராது, ஆங்கிலத்தில் கேட்டு வாங்கி நாமே மொழிபெயர்த்துக்கொள்வதுதான் வழி என்பது என் முடிவு. மறுப்பவர்கள் உண்டா?

ஜூன் 3, இரவு

நான் மறுக்கிறேன். திருச்சியில் இருந்துகொண்டு மருத்துவமனைகளுக்கு நோயாளிகளுக்கான துண்டறிக்கைகளைத் தமிழாக்கித் தருவது என் தொழில். இரண்டு ஆண்டுகளாக முதல் வரைவை ஏ.ஐ.யிடம் வாங்கித்தான் திருத்துகிறேன். நீங்கள் சொல்லும் வாடை எனக்கும் நன்றாகத் தெரியும். ஆனால் அதற்குக் காரணம் தமிழ் மட்டும் அன்று; அந்த "நிபுணர்" என்ற முதல் வரிக்கும் அதில் பங்கு உண்டு.

அந்த வரி வேலை செய்யாமல் இல்லை, நன்றாகவே செய்கிறது. நிபுணர் என்று சொன்னால் கருவி நிபுணரைப் போல எழுதுகிறது. நிபுணர்கள் எழுதும் தமிழ் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் ப்ராம்டில் எழுதுபவர் யார் என்பது இருக்கிறது; படிப்பவர் யார் என்பது இல்லை.

என் பழைய ப்ராம்ட் ஒன்றைத் தருகிறேன். "நீ அனுபவம் வாய்ந்த மருத்துவ எழுத்தாளர். சர்க்கரை நோயாளிகளுக்குப் பாதப் பராமரிப்பு பற்றி எளிய தமிழில் எழுது." வந்த முதல் வாக்கியம் இது: "நீரிழிவு நோயால் பாதிக்கப்பட்ட நபர்கள் தங்கள் பாதங்களை முறையாகப் பராமரிப்பது மிகவும் முக்கியமான ஒன்றாகும்."

பிறகு இப்படி மாற்றினேன். "இதைப் படிக்கப்போவது வயல் வேலைக்குப் போய்வரும் அறுபது வயதுப் பெண். எழுத்துக்கூட்டிப் படிப்பார், அல்லது பேத்தி படித்துக்காட்டக் கேட்பார். கால் மரத்துப்போயிருப்பதால் முள் குத்தினாலும் அவருக்குத் தெரியாது. இரவில் பாதத்தைப் பார்க்கும் பழக்கத்தை அவர் தொடங்க வேண்டும், இந்தத் துண்டறிக்கைக்கு வேறு நோக்கம் இல்லை. ஒரு வாக்கியத்தில் ஒரு செயல் மட்டும் இருக்கட்டும்." இதற்கு வந்தது: "இரவு படுக்கும் முன் இரண்டு உள்ளங்கால்களையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து அதில் பாருங்கள்."

இரண்டும் ஒரே கருவி, ஒரே நாள். இரண்டாவது ப்ராம்டில் "எளிய தமிழ்" என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஜூன் 4, காலை

நேற்று எழுதியதைப் படித்தால், வாசகரை விவரித்துவிட்டால் போதும் என்று நான் சொல்வதுபோல் தோன்றுகிறது. அது போதாது என்று எனக்குக் கற்றுத்தந்த நிகழ்ச்சியை எழுதுகிறேன்.

ஒரு மருத்துவமனையிலிருந்து மாத்திரை அறிவுரைத் தாள் வந்தது. அதில் இரத்தப் பரிசோதனை "பைவீக்லி" என்று இருந்தது. ஆங்கிலத்தில் அந்தச் சொல் வாரத்துக்கு இருமுறை என்றும் பொருள்படும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றும் பொருள்படும். கருவி "வாரம் இருமுறை" என்று எழுதியது. வாக்கியம் அத்தனை சரளமாக இருந்ததால் நானும் நிற்காமல் கடந்துவிட்டேன். அச்சுக்குப் போகும் முன் படித்துப் பார்த்த செவிலியர் தொலைபேசியில் அழைத்தார். "அக்கா, வாரம் ரெண்டு தடவை ரத்தம் எடுத்தா அந்தப் பாட்டி அடுத்த வாரம் வருவாங்களா? இது ரெண்டு வாரத்துக்கு ஒருதரம்க்கா."

யாருக்கும் தீங்கு நேரவில்லை என்றாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உடன் வேலை செய்யும் ஒருவரிடம் அதே தாளைக் கொடுத்திருந்தால் "இது எந்தக் கணக்கு?" என்று கேட்டிருப்பார். கருவி பெரும்பாலும் கேட்காது. ஐயம் வரும் இடத்தில் ஒன்றைத் தானே தேர்ந்தெடுத்துக்கொண்டு, ஐயம் இருந்த சுவடே தெரியாமல் எழுதிவிடும். அதனால் இப்போது என் ஒவ்வொரு ப்ராம்டிலும் இந்த வரி இருக்கிறது: "மொழிபெயர்க்கத் தொடங்கும் முன், மூலத்தில் இரண்டு பொருள் தரக்கூடிய சொற்களையும், அளவோ நேரமோ தெளிவாக இல்லாத இடங்களையும் கேள்விகளாக எழுதி நிறுத்திக்கொள். நான் பதில் சொன்ன பிறகு தொடங்கு." நிறுத்திக்கொள் என்பதை விட்டுவிட்டால் கேள்வியும் கேட்டு, தானே பதிலும் சொல்லி, மொழிபெயர்ப்பையும் முடித்துவிடுகிறது.

ஜூன் 4, மாலை

மேலே ஒருவர், இவ்வளவு எழுதுவதற்கு நாமே அந்தத் துண்டறிக்கையை எழுதிவிடலாமே என்கிறார். ஒரே ஒரு துண்டறிக்கை என்றால் அவர் சொல்வது சரி. எனக்கு மாதம் முப்பது வருகின்றன.

ஜூன் 6

ஆங்கிலத்தில் கேட்பதா, தமிழில் கேட்பதா என்ற கேள்விக்கு வருகிறேன். தமிழில் கேட்டால் செலவு கூடுகிறது என்பது உண்மை. கருவி நம் வாக்கியத்தை டோக்கன் என்னும் துண்டுகளாக நறுக்கித்தான் உள்ளே வாங்கிக்கொள்கிறது. பெரும்பாலும் ஆங்கிலத்தில் பயிற்சி பெற்ற மாதிரிகளில் (ஏ.ஐ. கருவிகளுக்குள் இயங்கும் மாடல்களில்) ஆங்கிலச் சொல் பெரும்பாலும் முழுதாக ஒரே துண்டாக நிற்கும், தமிழ்ச் சொல் சில்லுசில்லாக உடையும்; துண்டுகள் கூடக் கூடச் செலவும் கூடும். "கி" என்ற ஓரெழுத்துக்குக் கணினியில் ககரம் ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டு குறியீடுகள். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 6. ஆங்கில எழுத்துக்கு 1 பைட்தான். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ மாதிரியை வெளியிட்டபோது ஓப்பன்ஏஐ நிறுவனம் ஓர் ஒப்பீடு தந்தது. சிறிய அறிமுக வாசகம் ஒன்று தமிழில் முன்பு 116 டோக்கன் பிடித்தது, புதிய முறையில் 35. அதே வாசகம் ஆங்கிலத்தில் 27 ஆக இருந்து 24 ஆனது. இடைவெளி மிகவும் சுருங்கியிருக்கிறது, ஆனால் மூடவில்லை.

இதனால் நமக்கு நடைமுறையில் வரும் தொல்லை ஒன்று உண்டு. கருவி துண்டுகளைப் பார்க்கிறதே தவிர எழுத்துகளைப் பார்ப்பதில்லை. எனவே "160 எழுத்துக்குள் ஒரு குறுஞ்செய்தி" என்று கேட்டால் கணக்கு தவறலாம். நான் "இரண்டு வாக்கியம், ஒவ்வொன்றிலும் எட்டுச் சொல்லுக்கு மேல் வேண்டாம்" என்று கேட்டு வாங்கி, எண்ணிக்கையை என் கணினியில் சரிபார்த்துக்கொள்கிறேன்.

என் வழக்கம்: அறிவுறுத்தல்களை ஆங்கிலத்தில் எழுதுகிறேன், வெளியீட்டைத் தமிழில் கேட்கிறேன். செலவும் குறைகிறது, பணியும் துல்லியமாகப் புரிகிறது.

ஜூன் 7

நேற்று எழுதிய கடைசிப் பத்தியைத் திருத்துகிறேன். எழுதி முடித்த பிறகு மனம் உறுத்தியதால், ஒரே துண்டறிக்கையை இரண்டு விதமாகவும் கேட்டுப் பார்த்தேன். ஆங்கில அறிவுறுத்தலுக்கு வந்ததில் "மருத்துவரால் பரிந்துரைக்கப்பட்ட மருந்துகள் தவறாமல் எடுத்துக்கொள்ளப்பட வேண்டும்" என்று இருந்தது. தமிழ் அறிவுறுத்தலுக்கு வந்ததில் "டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை ஒருவேளைகூட விடாதீர்கள்" என்று இருந்தது. ஒரு துண்டறிக்கையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதால் இன்னும் நான்கில் பார்த்தேன். மூன்றில் இதே போக்கு, நான்காவதில் வேறுபாடு தெரியவில்லை.

நான் புரிந்துகொண்டது இது. நம் ப்ராம்டின் நடையையே கருவி தனக்கான நடையாக எடுத்துக்கொள்கிறது. "செய்யப்பட வேண்டும்" என்று கேட்டால் "செய்யப்பட வேண்டும்" என்றே திரும்பி வரும். அந்த அறுபது வயதுப் பெண்ணைப் பற்றி நான் தமிழில் எழுதும்போது, அவரிடம் பேசும் தொனி என் வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் எழுதினால் அவர் "டார்கெட் ஆடியன்ஸ்" ஆகிவிடுகிறார். ஆகவே கணக்கு, பட்டியல், கோப்பு வடிவம் போன்ற வேலைகளுக்கு ஆங்கிலம் போதும். தமிழ் நடை முக்கியமான வேலைக்குத் தமிழிலேயே, அதுவும் நமக்கு வேண்டிய நடையிலேயே கேளுங்கள். நேற்று நான் சொன்னதைப் பின்பற்றி யாரும் மாற்றியிருந்தால் மன்னிக்கவும்.

ஜூன் 9

ப்ராம்டுக்குள் எடுத்துக்காட்டுகள் தருவது பற்றிக் கேட்டிருக்கிறார்கள். இதுவரை நான் எழுதிய எல்லாவற்றையும்விட இது பயன் தரும் என்று நினைப்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

2020 மே மாதம் வெளிவந்த, ஓப்பன்ஏஐயின் ஜிபிடி-3 மாதிரி பற்றிய ஆய்வறிக்கையின் தலைப்பே, சில எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்றுக்கொள்ளும் மாதிரிகள் என்று பொருள்படுவதுதான். மாதிரியைத் திரும்பப் பயிற்றுவிக்காமல், ப்ராம்டுக்குள் சில எடுத்துக்காட்டுகளை வைத்தாலே அது வேலையின் வடிவத்தைப் பிடித்துக்கொள்கிறது என்று அதில் காட்டினார்கள். தமிழுக்கு இது பெரிய வரம். "இயல்பான தமிழ்" என்று எத்தனை முறை சொன்னாலும், இயல்பு என்பதற்குக் கருவி வைத்திருக்கும் பொருள் வேறு. அதனால் நான் சொல்வதை நிறுத்திவிட்டுக் காட்டுகிறேன்:

"இப்படி வேண்டாம்: புகைபிடிப்பதைத் தவிர்ப்பது உங்கள் இரத்த நாளங்களின் ஆரோக்கியத்தை மேம்படுத்த உதவும். இப்படி வேண்டும்: பீடி, சிகரெட்டை விட்டுவிடுங்கள். காலுக்குப் போகும் இரத்தக் குழாய் அதனால் அடைக்கிறது."

இப்படி மூன்று இணைகள் போதும். ஆனால் எடுத்துக்காட்டுகளைத் தேர்ந்தெடுப்பதில் நான் ஒருமுறை வழுக்கினேன். மூன்று இணைகளுமே "உடனே டாக்டரைப் பாருங்கள்" என்று முடிந்தன. விளைவு, நகம் வெட்டுவது பற்றிய பத்திகூட "உடனே டாக்டரைப் பாருங்கள்" என்று முடிந்தது. இது கருவியின் குறை என்று சில நாள் நினைத்தேன். 2021இல் வெளியான ஆய்வு ஒன்று இதற்கு விளக்கம் தருகிறது: எடுத்துக்காட்டுகளில் அடிக்கடி வரும் விடையின் பக்கமும், கடைசி எடுத்துக்காட்டில் வரும் விடையின் பக்கமும் மாதிரி சாய்கிறது, வரிசையை மாற்றினாலே விடைகளின் தரம் மாறுகிறது என்று அதில் அளந்து காட்டியிருந்தார்கள். இப்போது என் மூன்று இணைகளும் மூன்று விதமாக முடிகின்றன: ஒன்று செயலில், ஒன்று காரணத்தில், ஒன்று எச்சரிக்கையில்.

ஜூன் 10

விலக்கச் சொல்லும் சொற்பட்டியல் பற்றி ஒரு குறிப்பு. "‘மேலும்’ என்று வாக்கியத்தைத் தொடங்காதே" என்று எழுதினேன். "கூடுதலாக" என்று தொடங்கியது. அதையும் தடுத்தேன், "அத்துடன்" வந்தது. பிறகு "ஒவ்வொரு வாக்கியமும் ஒரு பெயர்ச்சொல்லிலோ நேரத்தைக் குறிக்கும் சொல்லிலோ தொடங்கட்டும்" என்று எழுதினேன். மூன்றும் போயின. கூடாதது எது என்பதைவிட வேண்டியது எது என்று சொல்வது கருவிக்கு எளிது.

ஆனால் பொருள் சார்ந்த தடைகளை நான் தடையாகவே எழுதுகிறேன். "மூலத்தில் இல்லாத மருந்துப் பெயரையோ அளவையோ சேர்க்காதே" என்பதை வேறு எப்படியும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஜூன் 13

"படிப்படியாக யோசி" என்று சேர்த்தால் போதும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதன் பின்னணியைத் தெரிந்துகொண்டு பயன்படுத்துவது நல்லது. 2022இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தையும் கூகுளையும் சேர்ந்தவர்கள் செய்த ஆய்வில், பல படிகள் கொண்ட எண்கணித வினாக்களில் அந்த ஒரு வரியைச் சேர்த்ததும் சரியான விடைகள் 17.7 விழுக்காட்டிலிருந்து 78.7 ஆக உயர்ந்தன. வியப்பான முடிவுதான். ஆனால் அது கணக்குக்கும் தருக்கத்துக்குமானது, அன்றைய மாதிரிகளில் சோதித்தது. 2024 செப்டம்பரில் ஓப்பன்ஏஐ வெளியிட்ட ஓ1 மாதிரி முதலாக, விடை சொல்லும் முன் தானே யோசிக்கும்படி பயிற்றுவித்த மாதிரிகள் வந்துவிட்டன. அவற்றிடம் அப்படிச் சொல்லத் தேவையில்லை என்று வெளியிட்ட நிறுவனத்தின் வழிகாட்டியே கூறுகிறது.

என் வேலையில் அந்த வரியால் நடை மேம்படவில்லை. உடல் எடைக்கு ஏற்ப அளவைப் பிரிக்கும் அட்டவணையில் மட்டும் படிகளைக் காட்டச் சொல்கிறேன், அதுவும் அது எங்கே தவறியது என்று நான் பார்ப்பதற்காக.

ஜூன் 14

ஜூன் 4 நிகழ்ச்சியில் எனக்கு உதவிய செவிலியரிடம் இந்த இழையைப் பற்றிச் சொன்னேன். என் ப்ராம்ட் ஒன்றை வாங்கிப் படித்துவிட்டு, "இது நாங்க ஷிஃப்ட் மாறும்போது எழுதுற ஹேண்டோவர் மாதிரியே இருக்குக்கா" என்றார். யோசித்துப் பார்த்தால் வேறு எந்தப் பெயரும் இத்தனை பொருந்தவில்லை. நோயாளி யார், இதுவரை என்ன செய்தாகிவிட்டது, என்ன மீதி இருக்கிறது, எதைக் கண்டால் உடனே ஆளைக் கூப்பிட வேண்டும். இரவுப் பணிக்கு வருபவர் எவ்வளவு திறமைசாலியானாலும் பகலில் அந்த வார்டில் நடந்தது அவருக்குத் தெரியாது. எழுதியது மட்டுமே தெரியும். தமிழில் ப்ராம்டைத் தூண்டுதல் என்றும் ஏவல் என்றும் சொல்கிறார்கள். இரண்டிலும் கட்டளையிடும் தொனிதான் இருக்கிறது, ஒப்படைக்கும் தொனி இல்லை.

அவர் இன்னொன்றும் சொன்னார். ஒவ்வாமை இருந்தால் அதை நடுவில் எழுத மாட்டார்களாம், எல்லாவற்றுக்கும் மேலே சிவப்பில் எழுதுவார்களாம். கருவிக்கும் இது பொருந்துகிறது. 2023இல் ஸ்டான்ஃபோர்டு முதலிய இடங்களைச் சேர்ந்தவர்கள் நீண்ட உள்ளீடுகளை வைத்துச் சோதித்தபோது, தேவையான செய்தி தொடக்கத்திலோ முடிவிலோ இருந்தால் மாதிரி நன்றாகப் பிடித்தது. நடுவில் இருந்தால் தவறவிட்டது. பதினான்கு பக்கக் கையேடு ஒன்றில் என் கலைச்சொல் பட்டியலை நடுவே ஒட்டியிருந்தேன். "சிறுநீரகம்" என்று நான் வகுத்திருந்தும் பாதிக்கு மேல் "கிட்னி" என்றே வந்தது. இப்போது கையேட்டை மேலேயும் பட்டியலைக் கீழேயும் வைத்து, கடைசி வரியில் வேலை என்ன என்பதை மறுபடி சொல்கிறேன். பதினான்கு பக்கத்தையும் ஒரேயடியாகக் கொடுப்பதையும் விட்டுவிட்டேன்.

ஜூன் 17

"சரியாக இருக்கிறதா என்று அதனிடமே கேட்டுவிடுவேன்" என்ற பதிலைப் படித்ததும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. 2023இல் நியூயார்க்கில் அவியாங்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய தீர்ப்புகளை வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார்கள். அவர்களில் ஒருவர் இந்தத் தீர்ப்பு உண்மையானதுதானா என்று கருவியிடமே கேட்டிருந்தார். அது ஆம் என்றது. அவர்களுக்கும் அவர்களது அலுவலகத்துக்கும் சேர்த்து 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

"நிச்சயமா?" என்று கேட்பது அதைவிட மோசம். நான் கேட்டபோது, சரியாக இருந்த ஓர் அளவை "மன்னிக்கவும்" என்று சொல்லி மாற்றியது. இப்போது கருத்தைக் கேட்பதில்லை, சான்றைக் கேட்கிறேன்: "மொழிபெயர்ப்பில் உள்ள ஒவ்வொரு எண்ணையும், அது வந்த மூல வாக்கியத்தையும் அருகருகே எழுது." பிறகு மூலத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, பென்சிலால் ஒவ்வோர் எண்ணாகக் குறித்துக்கொண்டே போகிறேன். அந்தப் பட்டியலிலும் பிழை வரலாம், ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று அது எனக்குக் காட்டிவிடுகிறது.

ஜூன் 17, சற்று நேரம் கழித்து

விட்டுப்போனது. ஹேண்டோவர் என்று சொன்னதால் யாரும் நோயாளியின் பெயரையோ கோப்பு எண்ணையோ ப்ராம்டில் ஒட்டிவிட வேண்டாம். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென 2023இல் இந்தியாவில் சட்டமே வந்திருக்கிறது. துண்டறிக்கைக்கு வயதும் தொழிலும் போதும். அந்த அறுபது வயதுப் பெண்ணும் நான் உருவாக்கிக்கொண்டவரே.

ஜூன் 22

இழையைத் தொடங்கிய ஆசிரியர் தன் புதிய ப்ராம்டை அனுப்பியிருக்கிறார். அதில் இந்த வரி எனக்கு மிகவும் பிடித்தது: "செடி மண்ணைச் சாப்பிட்டு வளர்கிறது என்று என் மாணவர்களில் பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையிலிருந்து தொடங்கி, செடியின் எடையில் பெரும்பகுதி காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் வருகிறது என்ற இடத்துக்கு அவர்களைக் கொண்டுபோ." எந்த ஐம்பது ப்ராம்ட் தொகுப்பிலும் இது கிடைத்திருக்காது. பிள்ளைகள் எங்கே தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பது அந்த வகுப்பறையில் நிற்பவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரே ஒரு யோசனை: ஒரு பக்கம் என்பதற்குப் பதில் எத்தனை பத்தி, ஒவ்வொன்றிலும் எத்தனை வாக்கியம் என்று சொல்லுங்கள். ஜூன் 6 குறிப்பில் எழுதிய அதே எண்ணிக்கைச் சிக்கல்தான்.

ஜூலை 1

வெறும் வயிற்றுச் சர்க்கரைப் பரிசோதனைக்கான துண்டறிக்கை சென்ற வாரம் முடிந்தது. கேள்விகள் கேட்டு நிறுத்தச் சொன்னேன், எண்களைச் சரிபார்த்தேன், நடையும் நன்றாக இருந்தது. "இரவு சாப்பிட்ட பிறகு எட்டு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், காலையில் வெறும் வயிற்றில் வாருங்கள்." குறை சொல்ல ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தேன்.

இன்று செவிலியர் அழைத்தார். காலையில் வந்த ஐந்து பேரில் இருவர் காபி குடித்துவிட்டு வந்திருக்கிறார்கள். "சாப்பிடலையே, காபிதான் குடிச்சேன்" என்றார்களாம். நம் ஊரில் காபி சாப்பாட்டுக் கணக்கில் வராது என்பதைக் கருவியிடம் நான் சொல்லவில்லை, எனக்கே தோன்றவும் இல்லை. மருத்துவரிடம் உறுதிசெய்துகொண்டு, "காபி, டீ, பால் எதுவும் கூடாது, தண்ணீர் மட்டும் குடிக்கலாம்" என்று சேர்த்தேன். ப்ராம்டில் வாசகரைப் பற்றிய பத்தியிலும் ஒரு வரி கூடியிருக்கிறது: "காலையில் எழுந்ததும் காபி குடிப்பவர், அதை உணவாக நினைக்காதவர்."